சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்

சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் (செப்டம்பர் 3, 1895 – ஏப்ரல் 22, 1950) அமெரிக்கச் சட்டப் பேராசிரியர், வழக்கறிஞர். அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனியே பிரித்து வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தபோது அவர் உயிருடன் இல்லை. ஆனால் அந்த வழக்கை முன்னின்று நடத்திய தர்குட் மார்ஷல் அவருடைய மாணவர். வழக்கு சென்ற பாதையும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஹூஸ்டன் வகுத்ததுதான்.

வாஷிங்டன் நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1915-இல் பட்டம் பெற்று, ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் ஆங்கிலம் கற்பித்தார். முதலாம் உலகப் போர் வந்ததும் படை அதிகாரியாகி பிரான்சுக்குச் சென்றார். அவர் வாழ்க்கையைத் திருப்பியது அந்தப் படை அனுபவமே. கறுப்பின அதிகாரிகளை வெள்ளையின வீரர்களே அவமதித்ததையும், குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின வீரர்கள் சரியான விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டதையும் நேரில் கண்டார். திருப்பி அடிக்க முடியாதவர்களுக்காகச் சட்டம் படிப்பது என்று அப்போதே முடிவு செய்ததாகப் பின்னாளில் கூறினார். 1919-இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். அதன் புகழ்பெற்ற சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

ஹோவர்டு சட்டக் கல்லூரி

1924-இல் தந்தையுடன் வழக்கறிஞர் தொழில் தொடங்கிய ஹூஸ்டன், ஹோவர்டு சட்டக் கல்லூரியிலும் பாடம் எடுக்கலானார். அது அப்போது வேலைக்குப் போவோர் மாலையில் வந்து படித்த கல்லூரி. தரம் குறைந்தது என்ற பெயரும் இருந்தது. 1929-இல் துணை முதல்வரான அவர் மாலை வகுப்புகளை நிறுத்தி, முழுநேரப் பகல் கல்லூரியாக மாற்றினார். பகலில் உழைத்தாக வேண்டிய ஏழை மாணவர்களுக்கு இனி இடமில்லை என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் 1931-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் கல்லூரிக்குக் கிடைத்தது.

வகுப்பில் கடுமையானவர். மாணவர்கள் அவருக்கு 'இரும்புக் காலணி' என்று பட்டப்பெயர் வைத்தனர். வழக்கறிஞர் சமூகத்தைச் சீர்படுத்தும் பொறியாளராக இருக்க வேண்டும், இல்லையேல் அவர் சமூகத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி என்பது அவர் ஓயாமல் சொன்ன பாடம். 1933-இல் முதல் மாணவராகத் தேறியவர் மார்ஷல்.

கிராஃபோர்டு வழக்கு

வர்ஜீனியா மாநிலத்தில் 1932-இல் இரண்டு வெள்ளையினப் பெண்கள் கொலை செய்யப்பட்டனர். ஜார்ஜ் கிராஃபோர்டு என்ற கறுப்பினத்தவர் பாஸ்டனில் பிடிபட்டார். வர்ஜீனியாவில் கறுப்பினத்தவர் ஜூரியில் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே அவரை அங்கு அனுப்புவது நியாயமாகாது என்று அவர் தரப்பில் வாதிடப்பட்டது. முதலில் ஒரு நீதிபதி இதை ஏற்றார். மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1933 டிசம்பரில் லீஸ்பர்க் நகரில் விசாரணை நடந்தபோது, கிராஃபோர்டுக்காக வாதாடியவர்கள் ஹூஸ்டன் தலைமையிலான கறுப்பின வழக்கறிஞர்கள். ஜூரியில் இருந்த அனைவரும் வெள்ளையினத்தவர்.

கொலை நடந்த நேரத்தில் தாம் பாஸ்டனில் இருந்ததாகக் கிராஃபோர்டு கூறியிருந்தார். அது பொய் என்பது விசாரணையின்போது வெளிப்பட்டது. வாதத்தின் அடித்தளமே சரிந்த நிலையில், ஹூஸ்டன் கட்சிக்காரரின் உயிரைக் காப்பதில் முனைந்தார். ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தக் காலத்தில், அந்த ஊரில், அப்படிப்பட்ட குற்றச்சாட்டுக்கு இது எளிதில் கிடைக்கக்கூடிய முடிவு அன்று.

அடுத்து வந்ததுதான் பெரிய சோதனை. ஜூரியில் கறுப்பினத்தவர் விலக்கப்பட்டதை வைத்து மேல்முறையீடு செய்தால், நாடு முழுவதற்குமான தீர்ப்பு ஒன்றைப் பெற வாய்ப்பு இருந்தது. ஆனால் மறுவிசாரணை நடந்தால் மரண தண்டனை விதிக்கப்படக்கூடும். ஹூஸ்டன் மேல்முறையீடு செய்யவில்லை. கொள்கையை விட்டுக்கொடுத்தார், திறம்பட வாதாடவில்லை என்று அவருடைய நண்பர் வட்டத்திலிருந்தே கண்டனம் வந்தது; 'தி நேஷன்' இதழிலும் குறை கூறி எழுதினர். கட்சிக்காரரின் உயிரை ஒரு கொள்கைக்காகப் பணயம் வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்ற அவரது நிலைப்பாடே சரியானது. அந்தக் கொள்கை கைவிடப்படவும் இல்லை. ஓக்லஹோமாவில் மரண தண்டனை பெற்ற ஜெஸ் ஹாலின்ஸ் வழக்கில் இதே ஜூரி வாதத்தை ஹூஸ்டன் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார். 1935-இல் தண்டனை ரத்தானது.

கல்வி வழக்குகள்

1935-இல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் முழுநேர வழக்கறிஞரானார். 'பிரிந்திருந்தாலும் சமம்' என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1896-இல் ஏற்றிருந்தது. அதை நேரடியாகத் தாக்கினால் தோல்வி உறுதி. எனவே ஹூஸ்டன் 'சமம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கெனச் சட்டக் கல்லூரியே கிடையாது. ஒன்று, அவர்களுக்கும் அதே தரத்தில் தனிக் கல்லூரி கட்டுங்கள். இல்லையேல் இருப்பதில் சேருங்கள் என்றார். இரண்டு இரண்டாகக் கட்டும் செலவு எந்த மாநிலத்துக்கும் கட்டுப்படியாகாது என்பது அவர் கணக்கு. தென் கரோலினாவில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக் கொட்டகைகளைத் திரைப்படக் கருவியால் தாமே படம்பிடித்து வந்ததும் இதற்காகத்தான்.

மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் டொனால்டு மர்ரியைச் சேர்க்க மார்ஷலுடன் சேர்ந்து வாதாடி வென்றார். அதே கல்லூரியின் நிறத்தடையால்தான் மார்ஷல் ஹோவர்டுக்கு வந்திருந்தார். 1938-இல் மிசௌரி மாநிலத்துக்கு எதிரான லாயிட் கெய்ன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்த வாதத்தை ஏற்றது. ஹூஸ்டன் பேசியபோது நீதிபதி மெக்ரெனால்ட்ஸ் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி அமர்ந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. வென்ற கெய்ன்ஸ் அடுத்த ஆண்டு சிகாகோவில் காணாமல் போனார். பின்னர் அவர் கிடைக்கவேயில்லை.

இறுதி ஆண்டுகள்

1938-இல் சங்கப் பொறுப்பு மார்ஷலிடம் சென்றது. வாஷிங்டன் திரும்பிய ஹூஸ்டன், கறுப்பின ரயில் தொழிலாளர்களைப் புறக்கணித்த தொழிற்சங்கத்துக்கு எதிரான ஸ்டீல் வழக்கில் 1944-இல் வென்றார். கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தங்களை எதிர்த்த வாஷிங்டன் வழக்கில் 1948-இல் வென்றார். எல்லாம் வெற்றியல்ல. கொலைக் குற்றத்தில் மரண தண்டனை பெற்ற ஜூலியஸ் ஃபிஷர் என்ற துப்புரவுப் பணியாளரின் மனநிலையையும் ஜூரி கருத வேண்டும் என்று 1946-இல் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். தீர்ப்பு எதிராக வந்தது. ஃபிஷருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அதே காலத்தில் வாஷிங்டன் கறுப்பினப் பெற்றோரின் பள்ளி வழக்குகளையும் நடத்திவந்தார். இதயநோய் வந்து படுத்தபின், அந்தப் பெற்றோரை ஹோவர்டு பேராசிரியர் ஜேம்ஸ் நாப்ரிட்டிடம் போகச் சொன்னார். 1950 ஏப்ரலில், 54-ஆம் வயதில் காலமானார். நாப்ரிட் எடுத்து நடத்திய போலிங் வழக்கின் தீர்ப்பும், மார்ஷலின் பிரௌன் வழக்கின் தீர்ப்பும் 1954 மே 17 அன்று ஒரே நாளில் வெளிவந்தன.