முசிறியில் அகஸ்தசு கோயில்

உரோமப் பேரரசில் பரவிய மித்திர வழிபாட்டிற்கு அச்சமயத்தார் இயற்றிய மறைநூல் எதுவும் கிடைத்திலது. எருது கொல்லும் மித்திரன் சிற்பங்களும், கல்வெட்டுகளும், 1954-இல் இலண்டனில் வெளிப்பட்டது போன்ற கோயில்களுமே சான்று. சேரர் துறைமுகமாகிய முசிறியில் இருந்ததாகக் கூறப்படும் உரோமக் கோயிலின் நிலையோ இதற்கு மறுதலை. பியூட்டிங்கர் படம் எனப்படும் உரோமப் பாதைப்படத்தின் இடைக்காலப் படி, முசிறியருகே அகஸ்தசு பேரரசன் கோயிலைக் குறிக்கின்றது. அது கொண்டு உரோமர் அங்கு நிலையாகத் தங்கி வழிபட்டனர் என்பர் சிலர். ஆயின் முசிறியெனப் பலர் கருதும் கேரளத்துப் பட்டணத்தில் 2007-இல் தொடங்கிய அகழாய்வு, மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் ஓடுகளைத் தந்தது, அக்கோயிலைக் காட்டவில்லை. யவனர் மரக்கலம் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு மீண்டதைக் கூறும் அகநானூற்று 149-ஆம் பாட்டும் கோயிலைச் சுட்டவில்லை. ஆகவே யவனர் வணிகம் உறுதி. கோயில் உண்டென்பதை ஆராயத்தக்க கருத்தளவிலேயே கொள்ளுதல் தகும்.