நல்லெண்ணம் எனும் கவசம்

உயர்தர வகுப்பில் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், சுட்டவர்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது?” என்று கேட்டான். தண்டனை கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றிருக்கலாம். ஆயின், ஏன் கிடைக்கவில்லை என்ற வினா அன்று தொட்டு என்னை விடவில்லை. அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1915 மே மாத இறுதியில், வெசாக் நாளன்று, கண்டியில் தொடங்கிய வன்செயல்கள் விரைவிலே தென்மேற்கு மாகாணங்களுக்கும் பரவின. முஸ்லிம் மக்களின் கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. அதிகாரபூர்வக் கணக்கின்படி முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டனர். ஆளுநர் சால்மர்ஸ் ஜூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். கலவரம் ஒரு கிழமையளவில் அடங்கிவிட்டது; இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் இறுதிவரை நீடித்தது. படையினரும், அவர்களுக்குத் துணையாக ஆயுதம் ஏந்திய ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் விசாரணையின்றியே சிலரைச் சுட்டுக் கொன்றனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி ஜூலை 7ஆம் நாள் சுடப்பட்டார். டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலிய தலைவர்கள் சிறைவைக்கப்பட்டனர்.

இவற்றுக்கெல்லாம் பொறுப்புக் கூறவேண்டிய வேளை வந்தபோது, அதே ஆண்டு ஆகஸ்டில், பிரித்தானிய முடியின் கட்டளை ஒன்று வெளிவந்தது. கலவரத்தை அடக்குவதற்காக ‘நல்லெண்ணத்துடன்’ செய்யப்பட்ட செயல்களுக்காக எவர்மீதும் வழக்குத் தொடர இயலாது என்பதே அதன் சாரம். குற்றம் நிகழ்ந்த பின்னர், குற்றஞ்செய்தவனைக் காப்பதற்கென்றே சட்டம் ஆக்கப்பட்டது.

சேர். பொன்னம்பலம் இராமநாதன் இந்த அநீதியை எதிர்த்துச் சட்டசபையிலே முழங்கினார். போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று வாதாடினார். 1916இல் நூலொன்றும் வெளியிட்டார். அவரது துணிவை மறுப்பதற்கில்லை. எனினும் ஒன்றை நாம் மறைத்தலாகாது. அவருடைய குரல் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக ஒலித்த அளவுக்கு, வீடும் கடையும் இழந்து நின்ற முஸ்லிம் மக்களுக்காக ஒலிக்கவில்லை. கற்றோரும் செல்வந்தரும் சிறைப்பட்டமையே அவ்வர்க்கத்தினரின் நெஞ்சைச் சுட்டது. முஸ்லிம்கள் இதனை இன்றும் மறக்கவில்லையெனின், அதற்காக அவர்களை எவரும் குறைகூற முடியாது.

அன்று சிறையிருந்த சேனநாயக்க 1946இல் ஐக்கிய தேசியக் கட்சியை நிறுவி, சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரானார். அக்கட்சி 1977 ஜூலையில் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களுடன் ஆட்சிக்கு வந்தது. அடுத்த மாதமே தமிழ் மக்கள்மீது வன்செயல்கள் அவிழ்த்துவிடப்பட்டன. மலையகத் தோட்டத் தொழிலாளரும் தப்பவில்லை. உயிர் பிழைத்தோர் பலர் வன்னிக்கு ஓடினர். முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனியின் தலைமையில் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1980இல் வெளிவந்தது. அறிக்கையைத் தொடர்ந்து வழக்குகள் வருமென எதிர்பார்த்தோருக்கு 1982இல் கிடைத்தது வேறொன்று. அவ்வாண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், 1977 ஆகஸ்ட் மாதத்தில் சட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்டவென ‘நல்லெண்ணத்துடன்’ செயற்பட்ட அமைச்சர்களையும் அதிகாரிகளையும் வழக்குகளிலிருந்து விடுவித்தது. தம் தலைவரைச் சிறையிலிட்ட அந்நியன் தன் ஆட்களைக் காக்க ஏந்திய அதே கவசத்தை, அத்தலைவரின் வாரிசுகள் தமக்கெனப் பூண்டுகொண்டனர்.

கதை இத்துடன் முடியவில்லை. 1988இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அதன் பாதுகாப்பு அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள்வரை நீட்டப்பட்டது. சனாதிபதித் தேர்தலுக்கு அப்போது மூன்றே நாட்கள் இருந்தன. ஒரு மாதத்துக்கென ஆக்கப்பட்ட விலக்கு பதினோராண்டுகளுக்கு மேல் விரிந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும், 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதும் இக்காலத்துள்ளேயே. தென்னிலங்கையில் சிங்கள இளைஞர்கள் காணாமற்போகத் தொடங்கியதும் இதே காலத்திலேதான். தமிழர்மீது நிகழ்ந்த கொடுமைக்கென முதலில் வரையப்பட்ட விலக்கு, காலப்போக்கில் சிங்களத் தாயின் கண்ணீருக்கும் எதிரே வந்து நின்றது. இனத்தின் பெயரால் அச்சட்டத்துக்குக் கையுயர்த்தியோர் இதனை எண்ணிப்பார்த்தார்களா?

இந்த நாட்டை நம்பி என்ன பயன் என்று சோர்ந்து கூறுவோரை ஆசிரியர் அறையிலே நான் நாள்தோறும் காண்கிறேன். அச்சோர்வு எனக்கும் அந்நியமன்று. ஆயினும் நாடு வேறு, நாட்டை ஆள்வோர் தமக்கு எழுதிக்கொண்ட மன்னிப்பு வேறு. முன்னதை வெறுத்து ஒதுங்கினால், பின்னதைக் கேள்வி கேட்க எவரும் எஞ்சமாட்டார். 1915இன் முஸ்லிம் வணிகனுக்கும், 1977இன் தோட்டத் தொழிலாளிக்கும், 1988இன் தென்னிலங்கை இளைஞனுக்கும் நீதிக்கதவை அடைத்தது ஒரே கைதான். தத்தம் இனத்தின் இறந்தோரை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும்வரை அக்கதவு திறவாது.

அடுத்த வகுப்பில் அம்மாணவனுக்கு இதனையே கூறினேன். அவன் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “அப்படியென்றால் நல்லெண்ணம் இருந்ததா இல்லையா என்று தீர்ப்பது யார், சேர்?” என்று கேட்டான். நாடாளுமன்றம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.