சேர்ந்து மிதிக்க மூன்று சக்கரம்



நம் வளாகத்தில் காலை நடைப்பயிற்சிக்கு வரும் தம்பதிகளைப் பாருங்கள். கிளம்பும்போது சேர்ந்துதான் கிளம்புவார்கள். இரண்டாவது சுற்றில் ஐயா முன்னே போயிருப்பார், அம்மா இருபதடி பின்னால் வருவார். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். இருவருக்கும் பலம் ஒன்றாக இல்லாதபோது சேர்ந்து போவது எப்படி? இந்தக் கேள்வி 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே எழுந்தது.

கவென்ட்ரி நகரில் தையல் மெஷின் தொழிலில் இருந்து சைக்கிளுக்கு வந்தவர் ஜேம்ஸ் ஸ்டார்லி. அன்றைய சைக்கிளின் முன்சக்கரம் மிகப் பெரியது. விழுந்தால் தலைகுப்புறத்தான். நீண்ட பாவாடை அணிந்த பெண்களால் அதில் ஏறவே முடியாது. அதனால் மூன்று, நான்கு சக்கர வண்டிகள் வந்தன. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கும் வண்டிக்கு 'சோஷியபிள்' என்று பெயர்.

ஸ்டார்லி தன் மகனோடு அப்படி ஒரு வண்டியில் போனாராம். வாலிபனான மகன் பலமாக மிதித்ததால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், அப்பாவைச் செடிப் புதரில் தள்ளிவிட்டது என்று சொல்வார்கள். அதன் பிறகு, 1877இல், இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் டிஃபரென்ஷியல் பல்சக்கர அமைப்பை அவர் தன் வண்டியில் பொருத்தினார். இன்றைய கார்களில் இருப்பதும் அதே தத்துவம்தான்.

1881இல் விக்டோரியா மகாராணியே இரண்டு மூன்று சக்கர வண்டிகளை வாங்கினார். 1884இல் ஜோசப் பென்னல், எலிசபெத் பென்னல் என்ற புதுமணத் தம்பதி, முன்னும் பின்னுமாக உட்காரும் மூன்று சக்கர வண்டியில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸிலிருந்து ரோம் வரை போனார்கள்.

1885இல் ஸ்டார்லியின் அண்ணன் தம்பி வழி மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டுவது அந்த வகைதான். எடையும் விலையும் குறைந்த அந்த இரு சக்கர வண்டிக்கு முன்னால் மூன்று சக்கரம் பின்தங்கிவிட்டது.

சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னே நீட்டி மிதிக்கும் முறையைப் பிரபலமாக்கியவர் பிரான்சின் சார்லஸ் மொஷே. அவருடைய நான்கு சக்கர 'வெலோகார்' வண்டியிலும் இருவர் அருகருகே மிதிக்கலாம். அவருடைய இரு சக்கரச் சாய்வு சைக்கிளில் 1933இல் பிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். ஆனால் மறு வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகை வண்டியைச் சாதாரணப் பந்தயங்களிலிருந்து விலக்கியது. பந்தயத்தில் இடமில்லாத வண்டி கடைகளிலும் அரிதாயிற்று. பந்தயக்காரர்களுக்காகப் போட்ட விதியால், பந்தயமே வேண்டாத நம்மைப் போன்றவர்களுக்குத்தான் நஷ்டம்!

இன்று சாய்விருக்கை மூன்று சக்கர வண்டி மீண்டும் வந்திருக்கிறது. பேலன்ஸ் பழக வேண்டாம். முதுகுக்குச் சாய்மானம் உண்டு. ஆளுக்கொரு வண்டியில், அவரவர் பலத்துக்கேற்ற கியரில் பேசிக்கொண்டே போகலாம். இருவர் வண்டியில் சில வகைகளில், ஒருவர் மிதிக்கும்போது மற்றவர் காலை ஓய்வாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். இருக்கை தாழ்வு, முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்து எழுந்து பார்த்த பிறகே வாங்குங்கள். பஸ், லாரி ஓட்டுநர் கண்ணில் இது எளிதில் படாது. கொடி கட்டி, வாகனம் குறைந்த பாதையில் மட்டும் ஓட்டுங்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிள் பழகுவதா என்று தயங்கும் அம்மாக்கள் நம் வளாகத்தில் பலர் உண்டு. விழுந்துவிடுவோமோ என்பதுதான் அவர்கள் பயம். அந்தப் பயத்தைப் போக்கத்தான் மூன்றாவது சக்கரம் வந்தது.