டமாஸ்கஸ் குழல்கள் (வேட்டைத் துப்பாக்கிகளில்)

இரும்பையும் எஃகையும் மாறி மாறி அடுக்கிப் பற்றவைத்து, முறுக்கி, நாடாவாக்கி, சுருளாகச் சுற்றி அடித்து உருவாக்கிய துப்பாக்கிக் குழலுக்கு டமாஸ்கஸ் குழல் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியின் உயர்தரத்துக்கு இதுவே அடையாளம். 20ஆம் நூற்றாண்டிலோ இதே குழல் கையில் வெடிக்கும் பண்டமாகப் பெயர் கெட்டது. அன்றைய புகழும் பின்னாளைய பழியும் குழலின் மேல் தெரியும் வரிக்கோலத்தை வைத்தே தீர்ப்புச் சொன்னவை. வரி, குழலை எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லும். இன்று அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

தென்னிந்திய உலைகளில் மூசையில் உருக்கிய எஃகு மேற்காசியாவுக்குப் போய், டமாஸ்கஸ் என்றே பெயர்பெற்ற வாளானது. அந்த வாள்களின் வரி, எஃகு மெல்ல ஆறும்போது தனக்குள்ளேயே அமைவது. துப்பாக்கிக் குழலின் வரி அப்படிப்பட்டதல்ல, கொல்லன் திட்டமிட்டு அடுக்கியது. துருக்கியக் குழல்களைப் பார்த்து ஐரோப்பியர் கற்ற இந்த வேலை, பெல்ஜியத்தின் லியேஜ் நகரை ஒட்டிய வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நெசோன்வோ போன்ற ஊர்களில், பெருந்தொழிலாக வளர்ந்தது. அடுக்குக் கட்டியை மெல்லிய கம்பியாக இழுப்பார்கள். சூட்டில் கயிறுபோல் முறுக்குவார்கள். ஒன்று வலமுறுக்கு என்றால் பக்கத்துக் கம்பி இடமுறுக்கு. இப்படி இரண்டு முதல் ஆறு கம்பிகளைச் சேர்த்துப் பற்றவைத்த நாடாவைத் தண்டில் சுற்றி, விளிம்போடு விளிம்பு அடித்து ஒட்டினால் குழல். பர்மிங்காமிலும் இந்த வேலை நடந்தது. ஆனாலும் ஆங்கிலேயப் பட்டறைகள் பெல்ஜியக் குழல்களை வாங்கவே செய்தன. கனெக்டிகட் மாநிலத்துப் பார்க்கர் போன்ற அமெரிக்க நிறுவனங்களும் இறக்குமதிக் குழல்களையே பெரிதும் நம்பியிருந்தன. முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை லியேஜுக்குள் புகுந்தபின் அத்தொழில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. துளையிட்ட எஃகுக் குழல் அதற்கு முன்பே மலிவாகியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒட்டிச் செய்த குழல், ஒரே கட்டியிலிருந்து குடைந்த குழலைவிடப் பலவீனமாகத்தானே இருக்கும் என்பது நியாயமான சந்தேகம். பர்மிங்காம் சோதனைச் சாலை 1888 முதல் 1891 வரை 39 வகைக் குழல்களை மருந்தளவு கூட்டிக் கூட்டிச் சுட்டுப் பார்த்தபோது முதலிடம் பிடித்தது, மூன்று கம்பிகளைச் சேர்த்து இயந்திரத்தில் அடித்த ஆங்கிலேய அடுக்கெஃகுக் குழல். அது டமாஸ்கஸின் உடன்பிறப்பு, அதே சுருள் முறையில் ஒட்டியது. ஒரே கட்டியிலிருந்து குடைந்த, பெயர்பெற்ற விட்வொர்த் எஃகுக் குழல் அதற்குப் பின்னால்தான் நின்றது. அவை புதுக் குழல்கள், கருமருந்துக் காலத்தவை, புகையில்லா மருந்து வந்தபின் கதை வேறு என்று மறுப்பார்கள். ஆனால் புகையில்லா மருந்துக்கான சோதனையிலும் தேறி முத்திரை பெற்ற டமாஸ்கஸ் குழல்கள் பிரிட்டனில் ஏராளம். தகுதியான பழங்குழல்கள் இன்றும் அங்கே தேறுகின்றன. வலுவான மறுப்பு வேறொன்று: ஒட்டு வாய்களில் சிக்கிய கசடு, அதன்வழி உள்ளே பரவிய துரு, வெளியே தெரியாது. இது உண்மை. ஆயினும் இது இந்தக் குழலை, இந்த ஒன்றை, சோதிக்கச் சொல்லும் காரணமே ஒழிய இனத்தையே ஒதுக்கும் காரணம் அல்ல. வெடித்தவற்றில் பல, அடைப்பாலோ சுவர் தேய்ந்ததாலோ வெடித்தவை; அந்த விபத்துக்கு எஃகுக் குழலும் விலக்கல்ல.

அடையாளம் காணும்போது விற்பவர்கள் பெர்னார், பாஸ்டன், க்ரோல் என்று வரியின் பெயர்களில் மயங்குவார்கள். முதலில் அது மெய்வரியா என்று பார்க்க வேண்டும். சாதாரணக் குழலின் மேல் வரியை அச்சிட்டு விற்ற மலிவுத் துப்பாக்கிகள் உண்டு. முன்கட்டையைக் கழற்றி மறைவிடத்தில் சிறிது தேய்த்து, மென்மையான அமிலக் கரைசல் தடவினால் மெய்வரி திரும்பத் தோன்றும், அச்சுவரி தோன்றாது. நாடாவின் அகலத்துக்குள் எத்தனை பட்டைகள் ஓடுகின்றனவோ அத்தனை கம்பிகள். அடுத்து, குழலின் அடிப்பக்கத் தட்டையில் உள்ள முத்திரைகள். நட்சத்திரத்தோடு ஈ-எல்-ஜி எழுத்துகள் லியேஜைக் காட்டும். குண்டு போட்டுச் சுடக்கூடாது என்ற ஆங்கில எச்சரிக்கை, 1875க்கும் 1887க்கும் இடையில் சோதித்த, முனையில் துளை குறுகும் நெருக்குவாய்க் குழலைக் காட்டும். 13 என்ற எண் துளை விட்டம் 0.710 அங்குலம் என்று பொருள்படும். இன்று அளந்தால் அது 0.729 காட்டினால், யாரோ உள்ளே குடைந்து சுவரை மெலித்திருக்கிறார்கள். தோட்டா அறையையும் அளக்க வேண்டும்: பழைய அறைகள் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர், இன்றைய தோட்டா பொதுவாக 70. பொருந்தாத நீளம் அழுத்தத்தைக் கூட்டும்.

சீரமைப்பில் விலையை உயர்த்துவது வரி. ஆபத்தும் அங்கேதான் நுழைகிறது. பழைய முறையில் குழலைக் கொழுப்பு நீக்கி, துருவேற்றும் கரைசல் பூசி, ஈரக்காற்றில் வைத்து, கொதிநீரில் இட்டு, தளர்ந்த துருவைத் துலக்கி, இப்படிப் பலமுறை செய்வார்கள். கொதிநீரில் செந்துரு கருந்துருவாகிறது. இரும்பும் எஃகும் வேறுவேறு விதமாக நிறம் ஏற்பதால் வரி எழுகிறது. குழிகளை ஒழிக்கும் ஆசையில் அரத்தால் தேய்த்தால் கோலம் தெளியும், சுவர் மெலியும். எனவே தேய்க்கும் முன்பே சுவர்த் தடிமனை நீளம் முழுவதும் அளப்பது கடமை. இன்றைய சூடான காரநீலத் தொட்டியில் இரட்டைக்குழலை முக்கவே கூடாது. குழல்களையும் நடுப்பட்டியையும் பிடித்திருக்கும் ஈயப்பற்றைக் காரம் தின்றுவிடும். தேறாத குழலுக்குப் பிரிட்டிஷ் பட்டறைகள் வேறு வழி வைத்திருக்கின்றன: பின்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு முன்னே புது எஃகுக் குழல்களைச் செருகி ஒட்டுவார்கள். அப்படிச் செய்ததை முத்திரையில் அறிவித்து, மறுபடியும் சோதனையில் சுட்டுத் தேறினால்தான் அங்கே அதை விற்கலாம்.