கோல்மன் அடித்த கடைசித் தந்தி

1917 டிசம்பர் 6, காலை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தின் குறுகலான பகுதியில் பிரெஞ்சுச் சரக்குக் கப்பல் மோன் பிளாங்கும் நார்வேக் கப்பல் ஈமோவும் மோதிக்கொண்டன. கரையோர ரயில்வே யார்டில் பணியில் இருந்த வின்சென்ட் கோல்மன் அடித்த தந்தி இது. சொற்கள் நூலுக்கு நூல் சற்று மாறும், பொருள் மாறாது.

"ரயிலை நிறுத்துங்கள்."

ஏவல் முதலில், காரணம் பின்னால். பதறியவர் காரணத்தைத்தான் முதலில் கொட்டுவார்; இவர் ரயில்காரர். ஏறத்தாழ 300 பயணிகளுடன் செயின்ட் ஜானிலிருந்து ஒரு ரயில் வந்துகொண்டிருந்தது.

"வெடிமருந்துக் கப்பல் துறைமுகத்தில் தீப்பற்றி 6ஆம் துறைமேடையை நோக்கி வருகிறது, வெடிக்கும்."

தந்தியின் உயிர் 'வெடிமருந்து' என்ற சொல்லில் இருக்கிறது. கப்பலுக்குள் சுமார் 2,300 டன் பிக்ரிக் அமிலம், 200 டன் டிஎன்டி. மேல்தளத்தில் பீப்பாய் பீப்பாயாக பென்சால் என்ற எரிபொருள். மோதலில் உடைந்து தீப்பிடித்தது அதுதான். ஆபத்தைக் காட்டும் சிவப்புக் கொடி கப்பலில் பறக்கவில்லை. படகிறங்கித் தப்பிய மாலுமிகள் கூவிய எச்சரிக்கையோ பிரெஞ்சில் இருந்தது. ஆகவே ஊர் ஜன்னலோரம் நின்று புகையை வேடிக்கை பார்த்தது. அந்த ஜன்னல் கண்ணாடிதான் சிதறி நூற்றுக்கணக்கானோரின் கண்களில் பாய்ந்தது. இதை அவர்களின் அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோல்மனுக்கு ஒரு மாலுமி சொன்னார். கோல்மன் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை.

"இதுவே என் கடைசிச் செய்தியாக இருக்கும் என்று நினைக்கிறேன்."

கப்பலைப் பற்றி 'வெடிக்கும்' என்று அறுதியிட்டவர், தன் சாவைச் சொல்லும்போது மட்டும் 'நினைக்கிறேன்' என்று குரலைத் தணிக்கிறார். அலுவலகத்தை விட்டுக் கிளம்பியவர், ரயில் நினைவு வந்து திரும்பினார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த வரி முழுதாகும்.

"விடைபெறுகிறேன், நண்பர்களே."

'போய் வருகிறேன்' என்று தமிழாக்க மனம் துடிக்கிறது. மூலத்தில் அந்த 'வருகிறேன்' இல்லை. நண்பர்கள் என்றது தந்திக்கம்பியின் மறுமுனைகளில் இருந்த சக ஊழியர்களை.

9.04 மணிக்குக் கப்பல் வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டார்கள். 9,000 பேர் காயமுற்றார்கள். ரயில் ஊருக்கு வெளியே நின்றது. அது தாமதமாக வந்துகொண்டிருந்ததால், நிறுத்தியது இந்தத் தந்திதானா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அதனால் கோல்மனின் செயல் ஓர் அணுவும் குறையாது. சேதி வழிநெடுக நிலையங்களை எட்டியதால்தான் ரயில்வே விரைந்து உதவிக்குக் கிளம்ப முடிந்தது.

கோல்மன் பணியிடத்திலேயே இறந்தார். அவருடைய தந்தி அடிக்கும் விசையும் கடிகாரமும் பேனாவும் ஹாலிஃபாக்ஸ் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.