ஹால்ஸ்டெட் தெருப் பெண்கள்

1889 செப்டம்பரில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகைக்குக் குடிவந்தார்கள். அதுதான் ஹல் ஹவுஸ். சுற்றிலும் இத்தாலியர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், ரஷ்ய யூதர் என்று பிழைப்புக்காகக் கப்பலேறி வந்த குடும்பங்கள்.

அக்கம்பக்கத்தில் பழகத் தொடங்கியதும் உடல் ஊனப்பட்ட மூன்று பிள்ளைகள் அவர்கள் கண்ணில் பட்டார்கள். ஒரு பிள்ளை மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தது. இன்னொன்றுக்குத் தீக்காயம். மூன்றாவது சிறுவனுக்கு முதுகெலும்பே வளைந்திருந்தது. மூன்று ஆண்டுகளாக அவனைப் பகலெல்லாம் அடுக்களை மேசைக்காலில் கட்டிப்போட்டிருந்தார்கள். மதியத்தில் அண்ணன் ஆலையிலிருந்து ஓடிவந்து, கட்டை அவிழ்த்து, தன் சாப்பாட்டைப் பகிர்ந்து கொடுப்பான். மூன்று பேரின் தாய்மாரும் அப்போது வேலையில் இருந்தார்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரிகள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஹல் ஹவுஸ் அவர்களைக் கண்டிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் காப்பகம் திறந்தது.

அடுத்து சட்டத்தின் பக்கம் திரும்பினார்கள். அங்கே தங்கியிருந்த ஃபுளோரன்ஸ் கெல்லியின் உழைப்பால் 1893இல் 14 வயதுக்குட்பட்டோரை ஆலை வேலைக்கு வைப்பதை இல்லினாய் மாநிலம் தடை செய்தது. 1899இல் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் அதே சிகாகோவில் அமைந்தது. அதுவரை தவறு செய்த சிறுவர்களைப் பெரியவர்களோடு ஒரே சிறையில் அடைத்துவந்தார்கள். பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கண்காணிக்க நன்னடத்தை அதிகாரிகளைச் சட்டம் அனுமதித்தது. சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை! மகளிர் சங்கத்தார் நிதி திரட்டிச் சம்பளம் கொடுத்தார்கள். முதல் அதிகாரி அல்சினா ஸ்டீவன்ஸ், 13 வயதில் பஞ்சாலையில் விரலை இழந்தவர்.

வந்திறங்கியவர்களுக்கு ஊரும் புரியாது, பேச்சும் புரியாது. அவர்களுக்காக 1908இல் குடியேறிகள் பாதுகாப்புச் சங்கம் உருவானது. கிரேஸ் அபாட் அதை நடத்தினார். அவர்களின் மொழி தெரிந்தவர்கள் வீடு தேடிப் போய் விசாரித்தார்கள்.

வறுமை ஒன்றையே காரணம் காட்டிப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்று 1909இல் வெள்ளை மாளிகை மாநாடு அறிவித்தது. 1911இல் இல்லினாய் மாநிலம் தாய்மார் உதவித்தொகையைக் கொண்டுவந்தது. ஆனால் 1913 திருத்தம் குடியுரிமை இல்லாத தாய்மாரை விலக்கிவிட்டது. யாருடைய பிள்ளைகளின் துயரத்தைக் கண்டு இந்தப் பணி தொடங்கியதோ, அவர்களையே கைவிட்ட அநியாயம் அது.

1912இல் மத்திய அரசு குழந்தைகள் நலத் துறையை நிறுவியது. முதல் தலைவர் ஜூலியா லாத்ராப். 1921இல் அவருக்குப் பின் வந்தவர் கிரேஸ் அபாட். இருவருமே ஹல் ஹவுஸில் வாழ்ந்தவர்கள்.