தவழ்ந்து தொட்ட கோடு

1978இல் ஹவாயில் 15 பேருடன் தொடங்கியது ‘அயர்ன்மேன்’ போட்டி. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், பிறகு 42 கி.மீ. ஓட்டம், எல்லாம் ஒரே நாளில்! 1982 பிப்ரவரியில் பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்த கல்லூரி மாணவி ஜூலி மாஸ், எல்லைக்கோட்டை நெருங்குகையில் கால்கள் மடங்கி விழுந்தார். எழுந்தார், மீண்டும் விழுந்தார்.

ஏன்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஓட்டத்துக்கு மட்டுமே 2,500! தசையிலும் ஈரலிலும் உள்ள கிளைக்கோஜன் தருவதோ சுமார் 2,000தான். கொழுப்பு ஏராளம் உண்டு; ஆனால் மெதுவாகவே எரியும். வங்கியில் பணமிருந்தும் கையில் சில்லறை இல்லாத நிலை! வியர்வையில் போன நீர் வேறு.

காத்லீன் மக்கார்ட்னி முந்திச் சென்று வென்றார். ஜூலி தவழ்ந்தே வந்து கோட்டைத் தொட்டார், 29 வினாடிகள் கழித்து.